தேகப் பயிற்சி உபாத்தியாயராவதற்குக் கலாசாலைப் படிப்பு

ஐக்கிய நாணயச் சங்கம் ஒன்றின் பஞ்சாயத்துக் கூட்டத்திற்கு நான் போயிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் கொடுத்திருந்த கடன் மனு ஆலோசனைக்கு வந்தது. தம் குமாரத்தியைத் தேகப் பயிற்சிக் கலாசாலையில் சேர்ப்பதற்குச் சங்கத்திலிருந்து கடன் வேண்டுமென்று அவர் கோரியிருந்தார். மனு படிக்கப்பட்டதும், பஞ்சாயத்தாரில் வயது முதிர்ந்த ஒருவர், "ஓடுவதற்கும் பந்து எறிவதற்கும் ஒரு கலாசாலையா? நம் ஊர்ப் பிள்ளைகள் இதையெல்லாம் எந்தக் கலாசாலையில் படித்தார்கள்?" என்றார். மற்றவர்கள் நகைத்தார்கள். மனுதாரர் மாத்திரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிரஸிடெண்டு என் பக்கம் திரும்பி, "இன்ஸ்பெக்டர் ஸார், இதில் படிப்பதற்கு என்னதான் இருக்கிறது? தாங்கள் விளக்கிச் சொன்னால் தீர்மானம் செய்யலாம்" என்றார்.

அன்று எனக்குத் தெரிந்தவரையில் சுருக்கமாகச் சொன்னேன். இதே கேள்வி வேறு கிராமங்களிலும் எழக்கூடுமாதலால், விஷயத்தைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். கடன் கொடுப்பதற்கு முன் கடனால் ஆகப்போகும் காரியம் இன்னதென்று அறிந்துகொள்வது நம் சங்கங்களின் முதல் தர்மம் அல்லவா? மாடு வாங்கக் கடன் கேட்டால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். படிப்புக்குக் கடன் கேட்டால் அப்படிப்பையும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

டிரில் மாஸ்டர் என்ற பெயர்

பழைய நாளில் பாடசாலைகளில் இவ்வேலையைப் பார்த்தவருக்கு 'டிரில் மாஸ்டர்' என்று பெயர். பட்டாளத்தில் சேவித்து ஓய்வு பெற்றவர்கள் பலர் அவ்வேலைக்கு வந்தனர். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, எண்ணிக்கை சொல்லிக் கைகளைத் தூக்கவும் இறக்கவும் செய்வித்தலே அவர்களுடைய கடமை. மற்ற உபாத்தியாயர்கள் அவரைத் தங்களுக்குச் சமமாக எண்ணவில்லை. அந்த ஏளனத்தின் மிச்சமே இன்றும் நம் பஞ்சாயத்துக் கூட்டங்களில் நகைப்பாக வெளிவருகிறது.

உண்மையில் இத்தொழிலின் மூலம் அவ்வளவு அற்பமானதன்று. ஸ்வீடன் தேசத்தில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் தேகப் பயிற்சி ஆசிரியர்களைத் தயாரிக்கும் ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தினார். மனித சரீரத்தின் அமைப்பை அறிந்து, அதற்கேற்பவே பயிற்சிகளை வகுக்க வேண்டுமென்பது அவருடைய கொள்கை. அம்முறை பிற தேசங்களுக்குப் பரவிய காலத்தில், பல பள்ளிகளில் உள்ளிருந்த சாஸ்திரம் நழுவிப்போய், வெளியிலிருந்த கை வீச்சு மாத்திரம் தங்கிற்று.

நம் தேசத்தில் இக்குறையை நீக்க முன்வந்தவர் ஹாரி க்ரோ பக் என்னும் அமெரிக்கர். வாலிபக் கிறிஸ்தவ சங்கத்தின் ஊழியராக 1919-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த அவர், 1920-ஆம் ஆண்டிலேயே தேகப் பயிற்சி ஆசிரியர்களுக்கென்று ஒரு பாடசாலையைத் தொடங்கினார். சொற்ப மாணாக்கர்களைக் கொண்டு ஆரம்பித்த அந்த ஸ்தாபனமே, பிற்காலத்தில் சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் விசாலமான மைதானங்களுடன் வளர்ந்த ஒய்.எம்.ஸி.ஏ. தேகப் பயிற்சிக் கலாசாலை. 1924-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் கோஷ்டிக்கு மானேஜராகப் போனவரும் அவரே. 1940-ஆம் ஆண்டில் அக்கலாசாலை பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பக் 1943-ஆம் ஆண்டில் காலமானார். அதன் பின்னரும் அவரிடம் பயின்றவர்கள் பல மாகாணங்களில் இவ்வேலையைத் தொடர்ந்து நடத்தினர். அவர்களுள் ஒருவராகிய பி.எம். ஜோஸப், 1957-ஆம் ஆண்டில் குவாலியரில் லக்ஷ்மீபாயின் பெயரால் ஏற்பட்ட தேகப் பயிற்சிக் கலாசாலைக்கு முதல் பிரின்ஸிபாலானார். 2005-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டிற்கும் தனியே ஒரு சர்வகலாசாலையும் தோன்றிற்று.

அடங்காத வகுப்பும் இரண்டு கூடைகளும்

இப்படிப்பின் உட்பொருளை விளக்குவதற்கு ஒரு சரித்திரத்தைச் சொல்வது போதும். பக் பயின்று வந்த ஸ்தாபனம், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரிலுள்ள தேகப் பயிற்சிக் கலாசாலை. அங்கே 1891-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் 18 வாலிபர்களைக் கொண்ட ஒரு வகுப்பு ஒருவருக்கும் அடங்காமல் இருந்தது. வெளியே பனி, மைதானத்தில் விளையாட இயலாது. உள்ளே செய்வித்த டிரில்லோ அவர்களுக்கு வெறுத்துப் போயிற்று. இரண்டு ஆசிரியர்கள் அவ்வகுப்பைக் கைவிட்டுவிட்டனர். மூன்றாமவராக வந்த ஜேம்ஸ் நெயிஸ்மித் என்பவருக்கு, 14 நாட்களில் உள்ளேயே ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென்று தலைவர் உத்தரவிட்டார்.

அவர் பிள்ளைகளை வைது பயனில்லையென்று கண்டு, விளையாட்டையே ஆராயத் தொடங்கினார். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் மற்றவர்கள் மேலே விழுந்து பிடிப்பார்கள்; கட்டாந்தரையில் அடிபடும். ஆகையால் பந்தோடு ஓடலாகாது என்று விதித்தார். இலக்குத் தரையிலிருந்தால் பந்தை மூர்க்கமாக எறிவார்கள். தலைக்கு மேலிருந்தால் மெதுவாக வளைத்து எறிந்தே ஆகவேண்டும். ஆகையால் இரண்டு பழக்கூடைகளை 10 அடி உயரத்தில், மேல்மாடத்தின் கைப்பிடியில் கட்டுவித்தார். 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒரு பக்கத்திற்கு ஒன்பது பேராக அவர்கள் ஆடிய அவ்விளையாட்டே இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் கூடைப்பந்து.

நான்காண்டுகளுக்குப் பின், 1895-ஆம் ஆண்டில், அதே கலாசாலையில் பயின்ற வில்லியம் மார்கன் என்பவர் பக்கத்து ஊரொன்றில் வயதேறிய வியாபாரிகளுக்குப் பயிற்சியளித்து வந்தார். கூடைப்பந்து அவர்களுக்கு மிகுந்த இளைப்பை உண்டாக்கிற்று. ஆகவே, நடுவில் வலையைக் கட்டி, ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் ஆடும்படி வேறொரு விளையாட்டை வகுத்தார். சாயங்காலத்தில் நம் கிராமத்து வாலிபர்கள் களத்துமேட்டில் கம்பு நட்டு ஆடுகிறார்களே, அந்த வாலிபால் அப்படிப் பிறந்ததுதான்.

இவ்விருவரும் செய்தது யாது? எதிரே நின்றவர்களின் வயது, பலம், மனநிலை, கிடைத்த இடம், கிடைத்த சாமான் ஆகிய இவற்றைக் கணக்கிட்டு, அதற்குப் பொருத்தமான பயிற்சியை வகுத்தார்கள். விளையாட்டுக்காரன் தான் ஆடத் தெரிந்தவன். தேகப் பயிற்சி உபாத்தியாயரோ பிறரை அவரவர் நிலைக்கேற்ப ஆடச் செய்யத் தெரிந்தவர். கலாசாலைப் படிப்பு முழுவதும் இந்த வித்தியாசத்தைப் பற்றியதே.

சரீரத்தைப் பற்றிய படிப்பு

முதலில் மாணாக்கர் கற்பது மனித உடலின் அமைப்பும் அதன் தொழிலும். எலும்பு, மூட்டு, தசை, இருதயம், சுவாசப் பை இவை எவ்வாறு அமைந்திருக்கின்றன, உழைப்பின்போது எவ்வாறு மாறுகின்றன, வளரும் பிள்ளையின் உடல் வளர்ந்தவனுடைய உடலிலிருந்து எவ்வாறு வேறுபட்டது என்பவற்றை அவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். இதனால் என்ன பிரயோஜனமென்று கேட்பவர்களுக்குச் சில திருஷ்டாந்தங்கள் கூறுவேன்.

சில பிள்ளைகள் சிறிது தூரம் ஓடியதும் அளவுக்கு மீறி இளைத்து உட்கார்ந்துவிடுவார்கள். அறியாதவர் சோம்பலென்று அதட்டி இன்னும் ஒரு சுற்று ஓடச் சொல்வார். ஆனால் தொண்டைப் புண்ணையடுத்து வரும் வாதக் காய்ச்சல் இருதயத்தின் கதவுகளைக் கெடுத்துவிடக்கூடும். 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளையே அது பெரும்பாலும் பிடிக்கிறது. இரத்தக் குறைவுள்ள பெண் பிள்ளைகளும் எளிதில் இளைப்பார்கள். படித்த உபாத்தியாயர் அப்பிள்ளையை நிறுத்தி, பெற்றோரை அழைத்து, வைத்தியரிடம் காட்டச் சொல்வார். ஒரு சுற்று ஓட்டத்தில் ஓர் உயிர் இருக்கிறது.

வெயிலில் ஆடும் பிள்ளைக்குத் தேகம் கொதித்து, பேச்சுத் தடுமாறி, புத்தி மயங்கினால், அது சாதாரண மயக்கமன்று. நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் விட்டு, விசிறி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அறிவு தப்பியவன் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது. மூக்கிலிருந்து இரத்தம் வந்தால் நம்மவர் தலையைப் பின்னால் சாய்க்கிறார்கள். இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். தலையை முன்னே குனிந்து, மூக்கின் மிருதுவான பாகத்தைப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிப்பதே முறை. கால் சுளுக்கினால் உடனே எண்ணெய் விட்டு நீவுவது நம் ஊர் வழக்கம். புதிதாய் வீங்கிய காலை நீவினால் வீக்கம் அதிகரிக்கும். ஓய்வு கொடுத்து, குளிர்ந்த ஒத்தடமிட்டு, காலைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். கண்ணில் படாத இத்தகைய காரியங்களுக்காகவே முதலுதவி, ஆரோக்கிய சாஸ்திரம், விளையாட்டு வைத்தியம் ஆகியவை பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

கயிறும் முளையும் கணக்கும்

இரண்டாவது, மைதானத்தை அளந்து அமைத்தல். 'கோடு போடுவதற்குக் கணக்கா?' என்று எண்ண வேண்டாம். கிராமப் பாடசாலையில் 200 மீட்டர் ஓடுபாதை போட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். நேர் பாகங்கள் இரண்டும் 40 மீட்டர் வீதம் 80 மீட்டர். மிச்சமுள்ள 120 மீட்டர், இரு முனைகளிலும் அரை வட்டங்களாக வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம். 120 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தின் ஆரை 19.10 மீட்டர். ஆனால் ஓடுகிறவன் கோட்டின்மேல் ஓடுவதில்லை. சுண்ணாம்புக் கோட்டிற்கு 20 சென்டிமீட்டர் வெளியே ஓடுவதாகவே விதி கணக்கிடுகிறது. ஆகையால் முளையில் கட்டும் கயிற்றின் நீளம் 18.90 மீட்டர். இவ்வாறு ஆறு பாதைகள் கொண்ட மைதானத்திற்கு ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர் நிலம் போதும்.

பந்தய நாளில் நம்மூரில் அடிக்கடி ஒரு சச்சரவு உண்டாவதைக் கண்டிருக்கிறேன். ஒரு சுற்று ஓட்டத்தில் வெளிப்பாதையில் நிற்பவனை முன்னால் தள்ளி நிறுத்தியிருப்பார்கள். 'அவன் இன்னாருடைய பிள்ளையென்று பட்சபாதம் செய்கிறார்கள்' என்று கூட்டத்தில் கூச்சல் எழும். பாதையின் அகலம் 1.22 மீட்டர். வளைவில் வெளிப்பாதைக்காரன் பெரிய வட்டத்தைச் சுற்றுவதால், உள்பாதைக்காரனைவிட ஒரு சுற்றுக்கு 7.67 மீட்டர் அதிகம் ஓடவேண்டியவனாகிறான். அந்தத் தூரத்தையே முன்னால் தள்ளிக் கொடுக்கிறார்கள். இதைக் கணக்கிட்டுக் கோடு போடாத உபாத்தியாயரே உண்மையில் பட்சபாதம் செய்தவராவார். இவ்வாறே 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஆண்கள் சடுகுடுக் களம், 18 மீட்டருக்கு 9 மீட்டரான வாலிபால் களம் முதலியவற்றை அளக்கவும், மத்தியஸ்தராய் நின்று தீர்ப்புச் சொல்லவும் மாணாக்கர் பழகுகிறார்கள்.

நாற்பது பிள்ளைகளும் ஒரு பந்தும்

மூன்றாவதும் முக்கியமானதும் போதனா முறை. கலாசாலை மாணாக்கர்கள் சமீபத்திலுள்ள பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டு, தங்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். ஒவ்வொரு பாடத்திற்கும் முன்கூட்டியே திட்டம் எழுதிக் காட்ட வேண்டும்.

திட்டம் எதற்கு? 40 பிள்ளைகளுக்கு 40 நிமிஷப் பாடம். ஒரே வரிசையில் நிறுத்தி ஒரு பந்தைக் கொடுக்கிறோம். ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம் வீதம் எல்லாரும் ஒருமுறை முடிக்க 20 நிமிஷமாகும். ஆக, பாடம் முழுவதிலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு முறை, அதாவது ஒரே நிமிஷம். மற்ற 39 நிமிஷமும் வெயிலில் நின்றதே லாபம். அதே பிள்ளைகளை எட்டெட்டுப் பேராக ஐந்து பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பந்து, ஒன்றுக்குக் கயிறு, ஒன்றுக்குத் தாண்டுதல் என்று கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் பத்து முறை வரும். செலவு அதிகமில்லை, யோசனைதான் அதிகம். 5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரி தினம் 60 நிமிஷமாவது உடலுழைப்புள்ள ஆட்டங்களில் ஈடுபட வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ஆம் ஆண்டிலும் வற்புறுத்தியிருக்கிறது. அவ்வாறாயின், பாடசாலையின் ஒரு பாடவேளையை வரிசையில் நிற்பதிலேயே கழிப்பது எவ்வளவு நஷ்டம்!

இவற்றோடு மனோதத்துவம், யோகாசனம், நீச்சல், சடுகுடு, மல்லகம்பம், அணிவகுப்பு, பெருந்திரளான பிள்ளைகளைக் கொண்டு நடத்தும் பயிற்சிக் காட்சி, உடல் திறனை அளந்து குறிக்கும் முறை ஆகியவையும் உண்டு. விளையாட்டுச் சாமான்களுக்கு இருப்புப் புஸ்தகம் வைப்பது, வரவு செலவு எழுதுவது, பந்தயங்களுக்கு ஆட்ட அட்டவணை தயாரிப்பது ஆகிய நிர்வாக விஷயங்களும் கற்பிக்கப்படுகின்றன. கணக்குச் சரியில்லாத சங்கம் எப்படி நிலைக்காதோ, அப்படியே கணக்கில்லாத விளையாட்டுச் சாலையில் இரண்டாம் வருஷம் ஒரு பந்தும் மிஞ்சாது.

எந்தப் படிப்பு, எவ்வளவு காலம்

தேசிய ஆசிரியக் கல்விக் குழு 2014-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் மூன்று படிகளைக் குறிப்பிடுகின்றன. 12-ஆம் வகுப்புத் தேறியவர்களுக்கு டிப்ளமா. காலம் இரண்டு வருஷம். ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு உடற்கல்வியில் பி.பி.எட். பட்டம், முன்னர் ஒரு வருஷமாக இருந்த இப்படிப்பு அவ்விதிகளால் நான்கு அரையாண்டுகள் கொண்ட இரண்டு வருஷமாக்கப்பட்டது. அதன் மேல் எம்.பி.எட். என்னும் மேற்பட்டத்திற்கு மேலும் இரண்டு வருஷம். சேர்க்கையின்போது பரீட்சை மார்க்குகளோடு, போட்டிகளில் கலந்துகொண்டதற்குரிய சான்றுகளும், உடல் திறன் பரீட்சையும் கவனிக்கப்படுகின்றன. விவரங்கள் வருஷத்திற்கு வருஷம் மாறக்கூடுமாதலால், அவ்வவ்வாண்டு அறிவிப்பை வாசித்தே மனுச் செய்ய வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். கலாசாலை அங்கீகாரம் பெற்றதா என்று பாராமல் பணம் கட்டலாகாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், நகரத்தில் பெரிய பெயர்ப் பலகையைக் கண்டு நம்பி, தங்கள் பையனை ஒரு ஸ்தாபனத்தில் சேர்த்தார்கள். கட்டணத்திற்காக நகையை அடகு வைத்தார்கள். படிப்பு முடிந்து உத்தியோகத்திற்கு மனுப் போட்டபோதுதான், அவர் பெற்ற அத்தாட்சி செல்லாதென்று தெரிந்தது. வருஷங்கள் போயின, நகையும் போயிற்று, வட்டி மாத்திரம் தங்கிற்று. தேசிய ஆசிரியக் கல்விக் குழு வெளியிட்டிருக்கும் பட்டியலில் கலாசாலையின் பெயரும், குறிப்பிட்ட அந்தப் படிப்பின் பெயரும் இருக்கின்றனவா, எந்தச் சர்வகலாசாலை பட்டம் வழங்குகிறது என்ற இரண்டையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுதல் நலம். ஒரு கலாசாலைக்கு ஒரு படிப்பில் அங்கீகாரம் இருப்பதனால் மற்றொரு படிப்பிலும் இருக்குமென்று எண்ணுவதும் பிசகு.

யார் இதற்குத் தகுதியுள்ளவர்

ஊரில் எல்லாரையும்விட வேகமாய் ஓடுகிறவனே இதற்குத் தகுதியுள்ளவன் என்பது பொதுவான எண்ணம். ஓட்டமும் ஆட்டமும் வேண்டியவையே. ஆனால் அவை மாத்திரம் போதா. தான் வெல்வதில் மட்டும் ஆசையுள்ளவன், வெல்லமாட்டாத பிள்ளைகளிடம் பொறுமையாயிரான். ஆட்டத்தில் சிறு பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்பவன், தோற்றவனைத் தேற்றுபவன், விதியை மீறிக் கிடைத்த வெற்றியை வேண்டாமென்பவன் நம் ஊரில் யாரென்று பாருங்கள். அவன் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஓடினாலும் குற்றமில்லை. அவனே நல்ல உபாத்தியாயராவான்.

கலாசாலைக்குப் போக விரும்புகிறவர்கள் இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்பிருந்தே ஆயத்தம் செய்ய வேண்டும். ஒரே ஆட்டத்தில் மூழ்கிவிடாமல், ஓட்டம், தாண்டுதல், எறிதல், குழு ஆட்டங்கள், ஆசனங்கள் ஆகியவற்றில் ஓரளவு பழகுதல் வேண்டும். தகுந்தவர் மேற்பார்வையில் நீந்தக் கற்பது சிலாக்கியம். பள்ளியில் ஜீவ சாஸ்திரத்தையும் கணிதத்தையும் அசட்டை செய்தவர்கள் கலாசாலையில் திகைப்பார்கள். போட்டிச் சான்றுகளைப் பத்திரமாய் வைத்திருக்க வேண்டும். பரீட்சை நெருங்கியபின் திடீரென்று கடும் பயிற்சி செய்து காலை முறித்துக்கொள்வாரும் உளர். வாரந்தோறும் சிறிது சிறிதாகவே உழைப்பை அதிகப்படுத்த வேண்டும். பலத்திற்கென்று கடைகளில் யாரோ கொடுக்கும் பொடிகளையும் ஊசிகளையும் நாடுவது பெருங்கேடு. நமது தானியம், பருப்பு, பால், முட்டை, கீரை, வேர்க்கடலை இவையே போதும்.

பெண் மக்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. வயது வந்த பெண் பிள்ளைகளில் பலர் ஆடுகளத்திற்கு வரவே கூசுகிறார்கள். அவர்களுடைய தேக நிலையை அறிந்து, தாய்போல் கேட்டு நடத்தும் ஆசிரியை இருந்தால் அவர்களும் வருவார்கள். ஆதலால் பெண்களை இப்படிப்புக்கு அனுப்புவது ஒரு குடும்பத்துக்கு மாத்திரமன்றி, ஊரிலுள்ள பெண் பிள்ளைகள் அனைவருக்கும் நன்மையாகும்.

சங்கம் கவனிக்க வேண்டியவை

உபவிதிகள் இடங்கொடுக்குமாயின், இத்தகைய மனு வரும்போது பஞ்சாயத்தார் நான்கு விஷயங்களை விசாரிக்க வேண்டும். முதலாவது, கலாசாலையின் அங்கீகாரம். இரண்டாவது, கட்டணம், விடுதிச் செலவு, உடுப்பு, பாதரட்சை, பிரயாணம் ஆகிய எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவு. கட்டணத்தை மாத்திரம் எழுதி மற்றதை மறந்தால், இரண்டாம் வருஷத்தில் வெளிக்கடன் வாங்க நேரிடும். மூன்றாவது, சர்க்கார் உபகாரச் சம்பளம் கிடைக்க வழியுண்டா என்பது. அது கிடைத்தால் கடன் குறையும். நான்காவது, வாயிதா.

வாயிதாவைக் குறித்து ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்த மறு மாதமே உத்தியோகம் கிடைக்குமென்று எவரும் வாக்களிக்க முடியாது. சர்க்கார் பள்ளிகளில் காலியிடங்கள் அறிவிக்கப்படும்போதே தேர்வு நடைபெறுகிறது, காத்திருக்க நேரலாம். அதுவரையில் தனியார் பள்ளிகளில் கிடைக்கும் சம்பளம் குறைவாயிருக்கலாம். ஆகவே பையனுடைய அல்லது பெண்ணினுடைய வருங்காலச் சம்பளத்தை மாத்திரம் நம்பாமல், குடும்பத்தின் இப்போதைய வருமானத்தைக் கொண்டே தவணையைக் கட்ட இயலுமா என்று பார்த்துத் தீர்மானிப்பது புத்திசாலித்தனம். தொகையை ஒரேயடியாகக் கையில் கொடுக்காமல், அரையாண்டுதோறும் கலாசாலையின் ரசீதையும் பரீட்சை முடிவையும் பார்த்துப் பட்டுவாடா செய்தால், சங்கத்தின் பணத்திற்கும் மாணாக்கரின் சிரத்தைக்கும் ஒருங்கே பாதுகாப்பாகும்.

முடிவுரை

ஆரம்பத்தில் கூறிய கூட்டத்திற்குத் திரும்புவோம். என் விளக்கம் முடிந்ததும், அப்பெண்ணையே அழைத்து ஒரு கேள்வி கேட்கலாமென்று பிரஸிடெண்டு சொன்னார். அவள் வெளித் திண்ணையில் தாயாருடன் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, உன் வகுப்பில் ஓடவே மாட்டாத ஒரு பிள்ளை இருந்தால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன். அவள் சிறிது யோசித்து, "ஐயா, அந்தப் பிள்ளையை மற்றவர்களோடு ஒப்பிட மாட்டேன். போன வாரம் எவ்வளவு தூரம் நடந்ததென்று எழுதி வைப்பேன். இந்த வாரம் ஓரடி அதிகமானாலும் அது ஜயித்ததாகச் சொல்லுவேன்" என்றாள்.

நகைத்த பெரியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என் பேரன் அப்படிப்பட்டவன்தான், விளையாட்டு மணி அடித்தால் வீட்டிற்கு ஓடி வந்துவிடுகிறான்" என்றார். அங்கீகாரத்தை விசாரித்தபின், அரையாண்டுத் தவணைகளில் கடன் கொடுப்பதென்று தீர்மானம் நிறைவேறிற்று. அதை முன்மொழிந்தவரும் அவரே.

அங்கத்தினர்களே! நம் பாடசாலைகளில் பதக்கம் வாங்கும் பிள்ளைகள் சிலரே. வாங்காத பிள்ளைகள் பலர். நாளைக்கு ஏர் பிடிக்கவும், நாற்று நடவும், குழந்தை வளர்க்கவும், சங்கம் நடத்தவும் போகிறவர்கள் அந்தப் பலரே. அவர்களுடைய தேகத்தைப் பேணுவதற்கென்று முறையாகப் படித்த ஓர் உபாத்தியாயர் ஊருக்குக் கிடைப்பாரானால், அதற்காகச் செலவிட்ட பணம் வீணாகாது. தகுதியுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள்; தகுந்த கலாசாலையை விசாரியுங்கள்; தாங்கக்கூடிய கடனை மாத்திரம் கொடுங்கள். அதன்பின் மைதானத்தில் விசில் ஊதும் சப்தம் கேட்டால், அதையும் ஒரு பாடமென்றே மதியுங்கள்.